வண்டி எப்போது வரும்?

மனிதர் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குகளுள் மிகச் சிறியது நேரத்தைப் பற்றிய வாக்கு. "ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன்" என்று சொல்வதற்குச் சாட்சியும் வேண்டியதில்லை; கையொப்பமும் வேண்டியதில்லை. ஆயினும் இச்சிறு வாக்கை நம்பித்தான் வீடுகளில் விடியுமுன் உலை ஏறுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகிறார்கள். மருத்துவமனைகளில் இரவுப் பணியாளர் பகற்பணியாளருக்கு இடம் விடுகிறார்கள். இத்தகைய வாக்கை நாள்தோறும் இலட்சக்கணக்கானோருக்குக் கொடுக்கும் பொதுப்பணி ஒன்று உண்டெனில் அது இரயில் வண்டியே. நிலையத்துச் சுவரில் தொங்கும் கால அட்டவணை வெறும் எண்களின் வரிசையாகத் தோன்றலாம். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்கு.

பணியின் பொருட்டுக் கடந்த ஆறு ஆண்டுகளாக, வாரத்தில் நான்கு நாள்கள், சென்னைப் புறநகர் வண்டியில் நகருக்குள் சென்று திரும்புகிறேன். ஒரு வழிப் பயணம் ஐம்பது நிமிடம் என்பது அட்டவணையின் கணக்கு. அந்த ஐம்பது, ஐம்பதாகவே முடிந்த நாள்கள் பல. எண்பதாகவும் தொண்ணூறாகவும் நீண்ட நாள்களும் பல. நடைமேடையில் நின்று கண்டவற்றையும் கேட்டவற்றையும், அவை எனக்குள் எழுப்பிய எண்ணங்களையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நிமிடம் பிறந்த கதை

இரயில் வருவதற்கு முன் நம் முன்னோருக்கு நாழிகை இருந்தது, பொழுது இருந்தது, நிமிடம் இல்லை. ஆலய மணியும், கோயில் முரசும், முற்றத்தில் விழும் நிழலும் அவர்களுக்கு நேரம் காட்டின. பத்து நிமிடம் முன்பின் ஆவதால் யாருக்கும் நட்டமில்லை. 1856 ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி புறப்பட்டபோது இந்த நிலை மாறத் தொடங்கியது. வண்டி யாருக்காகவும் நிற்பதில்லை. நிழல் பார்த்து வருபவன் அதைத் தவறவிடுவான்.

அக்காலத்தில் ஒவ்வொரு நகரமும் தன் தலைக்கு மேலுள்ள சூரியனைக் கொண்டே நேரத்தைக் கணித்தது. பம்பாயில் ஒரு நேரம். கல்கத்தாவில் வேறு நேரம். ஒரே வண்டி பல ஊர்களைக் கடக்கும்போது இது பெருங்குழப்பம் விளைத்தது. அப்போது கைகொடுத்தது நம் சென்னைதான். 1792 இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் நிறுவிய வானாய்வகம் கணித்த நேரம் தந்தி வழியே அனுப்பப்பட்டது. நாட்டின் இரயில்கள் 'சென்னை நேரத்தை'க் கைக்கொண்டன. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வழக்கிற்கு வந்தபோது, அது சென்னை நேரத்தைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முந்தியிருந்தது. ஆக, நிமிடத்தை மதிக்க வேண்டும் என்ற பாடத்தை நமக்குக் கற்பித்த ஆசான் இரயில் வண்டியே. ஆசானே பாடத்தை மறக்கும்போது மாணவருக்கு வருத்தம் உண்டாவது இயல்பு.

1931 இல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்திற்கு மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. 1925 இல் தொடங்கிய பம்பாய்க்கு அடுத்தபடியாக மின்சார இரயிலைக் கண்ட பெருநகரம் சென்னை. அந்த இருப்புப்பாதையை ஒட்டியே ஊர் தெற்கு நோக்கி வளர்ந்தது. தாம்பரத்தில் குடியிருந்து பாரிமுனையில் வேலை பார்க்கலாம் என்ற துணிவு அந்த வண்டி தந்ததே. நகருக்குள் வாடகை கொடுக்க இயலாத குடும்பங்கள் நாற்பது, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் சிறு மனை வாங்கிக் குடியேறியதும், "வண்டி இருக்கிறது, போய் வந்துவிடலாம்" என்ற நம்பிக்கையால்தான். வண்டியின் நேரம் அவர்கள் வாழ்க்கையின் அடித்தளக் கற்களுள் ஒன்றாகிவிட்டது.

யாருடைய நேரம்?

தாமதம் எல்லாருக்கும் பொது என்று நாம் எண்ணுகிறோம். ஒரே வண்டியில் இருக்கும் ஆயிரம் பேருக்கும் இருபது நிமிடம் என்பது இருபது நிமிடந்தானே? பெட்டிக்குள் அமர்ந்து சுற்றிப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பெரிய அலுவலகத்து அதிகாரி கைப்பேசியை எடுத்து, "இரயில் தாமதம், சற்றுப் பிந்தி வருகிறேன்" என்கிறார். அத்துடன் அவருக்குச் சிக்கல் தீர்ந்தது. அவருக்கு எதிரே நிற்பவருக்குத் தீர்வதில்லை.

காலை வண்டியில் நான் அடிக்கடி காணும் பெண்மணி ஒருவர் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்த முறையில் துப்புரவுப் பணி செய்கிறார். எட்டு மணிக்குக் கைரேகை பதிக்க வேண்டும். எட்டேகால் தாண்டினால் அரைநாள் ஊதியம் போயிற்று. பொறிக்கு விளக்கம் சொல்ல முடியாது. மாதத்தில் மூன்று நாள்கள் அவ்வாறு நேர்ந்தால் அந்த மாதத்து மளிகைக் கணக்கு நேர்படாது. இத்துடன் முடிந்ததா என்றால் இல்லை. இவர் வந்து சேரும்வரை இரவுப் பணி செய்தவள் வார்டை விட்டுப் புறப்பட இயலாது. அவளுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, மகள் வந்த பின்பே தான் வேலை செய்யும் வீட்டுக்குப் போக முடியும். அந்த வீட்டு அம்மாள் பாட்டிக்காகக் காத்திருந்து தம் அலுவலகத்துக்குப் பிந்துகிறார். எங்கோ ஓர் இருப்புப்பாதையில் விழுந்த இருபது நிமிடம் இவ்வாறு கைமாறிக் கைமாறி, தண்டவாளமே இல்லாத தெருக்களிலும் போய் விழுகிறது. யாரிடம் கைப்பிடி அரிசி குறைவாக இருக்கிறதோ அவரிடமே அதிகம் பறிக்கிறது.

ஒரு மழைக்காலக் காலையில் வண்டி வராமல் அரைமணி நேரம் நின்றோம். ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்மணி நடைமேடையின் விளிம்புக்கும் படிக்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, பஸ்ஸில் போய்விடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"போகலாம் ஐயா. நான் படியேறி வெளியே போன மறு நிமிசமே வண்டி வந்துட்டா? இல்ல, இங்கேயே நின்னு வண்டி வராமலே போயிட்டா? வரும், இல்ல வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். மத்ததை நான் பாத்துக்குவேன்."

இதைவிடத் தெளிவாக இச்சிக்கலை எந்த வல்லுநரும் எனக்கு எடுத்துரைத்ததில்லை. அவருக்கு வேண்டியது விரைவு வண்டியன்று, குளிரூட்டப்பட்ட பெட்டியுமன்று. தம் நாளைத் தாமே திட்டமிட்டுக்கொள்ள ஒரு சொல் வேண்டும், அவ்வளவே.

வண்டி ஏன் நிற்கிறது?

நிலையங்களுக்கு இடையே வண்டி நிற்கும்போது, "ஓட்டுநர் உறங்கிவிட்டாரோ" என்று நகையாடுவோர் உண்டு. அவருக்கும் நமக்கும் தெரியாமல் அங்கே ஓர் ஒழுங்கு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. இருப்புப்பாதை பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. முன்னே சென்ற வண்டி தன் பகுதியைக் கடக்கும்வரை பின்னே வரும் வண்டிக்குச் சிவப்பு விளக்கே எரியும். ஆகவே முதல் வண்டி ஐந்து நிமிடம் நின்றால், அதன் பின்னே வரிசையாக வரும் வண்டிகள் அனைத்தும் நிற்கும். நெரிசல் நேரத்தில் விழுந்த ஐந்து நிமிடத்தை மீட்பதற்கு உச்சிப்பொழுது ஆகிவிடுவதும் உண்டு.

இருப்புப்பாதையைச் சாலை கடக்கும் இடங்களில் கதவை மூடிப் பூட்டினாலன்றி வண்டிக்குப் பச்சை விளக்கு கிடைக்காதபடி அமைப்பு இருக்கிறது. கதவு இறங்கும்போதும் குனிந்து நுழையும் இருசக்கர வண்டிக்காரர் தமக்கு இரண்டு நிமிடம் மிச்சம் பிடித்ததாக மகிழ்கிறார். அவரைப் போன்ற பத்துப் பேரால் கதவை மூட முடியாமல், ஆயிரம் பேர் ஏறிய வண்டி வெளியே காத்து நிற்கிறது. அபாயச் சங்கிலியை விளையாட்டாக இழுப்பதும் அத்தகையதே. 1989 ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் அதற்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம் என்கிறது. இவற்றோடு, புறநகர் வண்டியும் நெடுந்தொலைவு வண்டியும் சரக்கு வண்டியும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், விரைவு வண்டிக்கு வழிவிட்டு நம் வண்டி ஒதுங்கி நிற்கிறது. மழைநீர் தேங்கினாலும், மின்கம்பி அறுந்தாலும், குளிரில் சுருங்கித் தண்டவாளம் விரிசல் கண்டாலும் தாமதம் தவிர்க்க இயலாதது.

இன்னொரு காரணம் உண்டு. அதை எழுதவே மனம் நடுங்குகிறது. ஒரு மாலையில் எங்கள் வண்டி இரு நிலையங்களுக்கிடையே முப்பத்தைந்து நிமிடம் நின்றது. பெட்டியெங்கும் முணுமுணுப்பு, சிலர் உரத்த குரலில் வசைமொழிந்தனர். பிறகு முன்பெட்டியிலிருந்து செய்தி மெல்லக் கடந்து வந்தது: தண்டவாளத்தைக் குறுக்கே கடந்த ஒருவர் முன்னே சென்ற வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். முணுமுணுப்பு அப்படியே அடங்கியது. மூலையில் அமர்ந்திருந்த பூக்காரப் பாட்டி மட்டும், "புள்ளகுட்டி இருக்கோ என்னவோ" என்றார். அதன்பின் நெடுநேரம் யாரும் பேசவில்லை. அவரும் ஏதோ ஒரு வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில்தான் படிக்கட்டுப் பாலத்தைத் தவிர்த்திருக்க வேண்டும்.

பொறுக்கத்தக்க தாமதம்

எல்லாத் தாமதத்தையும் குற்றம் என்று கூறுவது அறிவுடைமையாகாது. 1956 நவம்பர் 23 அன்று சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு வண்டி அரியலூரை அடுத்து, மழைவெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த வண்டி அன்று அரியலூரிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், பயணிகள் "என்ன தாமதம் இது!" என்று முணுமுணுத்திருப்பார்கள். ஆம், முணுமுணுப்பதற்கு அவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள்.

நேரந்தவறாமைக்கு உலகமே எடுத்துக்காட்டும் ஜப்பானிலும் ஒரு துயரப் பாடம் உண்டு. 2005 ஏப்ரல் 25 அன்று அமாகசாகி என்னும் நகரில் காலை வண்டி ஒன்று வளைவில் தடம் புரண்டு, அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தனர். அந்த ஓட்டுநர் இருபத்து மூன்று வயது இளைஞர். முந்தைய நிலையத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நிறுத்தியதால் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் பிந்தியிருந்தார். மணிக்கு எழுபது கிலோமீட்டர் எல்லையுள்ள வளைவில் நூற்றுப் பத்துக்கு மேற்பட்ட வேகத்தில் நுழைந்தார். தவறு செய்த ஓட்டுநரைத் தலைகுனியச் செய்யும் தண்டனைப் பயிற்சி அங்கே வழக்கத்தில் இருந்தது. அந்த அச்சமும் அவர் மனத்தை அலைக்கழித்திருக்கலாம் என விசாரணை கருதியது. ஒன்றரை நிமிடத்தை மன்னிக்கத் தெரியாத நிர்வாகம் நூற்றேழு உயிர்களை இழந்தது.

ஆகவே, சிவப்பு விளக்கின் முன் வண்டி நிற்கும்போது நாம் அமைதி கொள்ளலாம். அந்த நிமிடங்கள் நம் உயிருக்காகச் செலவிடப்படும் நிமிடங்கள்.

பொறுக்கத்தகாத மௌனம்

அவ்வாறாயின் நாம் எதைத்தான் குறைகூற உரிமையுடையோம்? காரணம் சொல்லாத மௌனத்தை. தாமதம் வானிலையால் வரலாம். மௌனம் வானிலையால் வருவதில்லை. ஒலிபெருக்கி இருக்கிறது, மின்பலகை இருக்கிறது, நாட்டிலுள்ள வண்டிகள் எங்கே செல்கின்றன என்று காட்டும் கைப்பேசிச் செயலிகளும் வந்துவிட்டன. ஆயினும் நடைமேடையில் நிற்கும் முதியவருக்கு, அருகே தேநீர் விற்பவரே இன்றும் தகவல் நிலையம்.

மௌனத்தைப் போன்றதே, மெய்யை மறைக்கும் கணக்கும். நெடுந்தொலைவு வண்டி நேரத்துக்கு வந்ததா என்பதை அது கடைசி நிலையத்தை அடையும் நேரத்தைக் கொண்டே நம் நாட்டில் அளந்து வந்திருக்கிறார்கள். கால அட்டவணையைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். எழும்பூரிலிருந்து புறப்படும் விரைவு வண்டி தாம்பரத்தை அடைய எடுக்கும் நேரத்தைவிட, தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு வந்து சேரும் வண்டிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். வழியில் இழந்த நிமிடங்களை அக்கடைசித் தொலைவில் சரிக்கட்டிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. இடைநிலையத்தில் அரைமணி நேரம் காத்து நின்றவரின் கால்வலி அக்கணக்கில் ஏறுவதில்லை.

பெரிய வேலைகளுக்கும் இது பொருந்தும். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காம் இருப்புப்பாதை அமைப்பதற்காக, 2023 ஆகஸ்டு இறுதியில் கடற்கரை–சேப்பாக்கம் இடையிலான பறக்கும் இரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்று அறிவிக்கப்பட்டது. பதினான்கு மாதம் கழிந்து 2024 அக்டோபர் இறுதியில்தான் வண்டி மீண்டும் ஓடியது. வேலை தேவையானதே, மறுப்பாரில்லை. ஏழு மாதம் என நம்பி, மாற்று வழிக்கு ஏழு மாதச் செலவைக் கணக்கிட்டு வைத்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நீதிமன்றமும் இதைக் கவனித்திருக்கிறது. 2016 இல் ஒரு குடும்பம் ஜம்முவுக்குச் சென்ற வண்டி நான்கு மணி நேரம் பிந்தியதால், அங்கிருந்து ஏற வேண்டிய விமானத்தைத் தவறவிட்டது. தாமதம் தன் கட்டுக்கு அடங்காத காரணத்தால் நேர்ந்தது என்று நிர்வாகம் காட்டாதவரை அது பொறுப்பேற்க வேண்டும் என்று கூறி, முப்பதாயிரம் ரூபாய் இழப்பீட்டை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. காரணத்தைச் சொல் அல்லது பொறுப்பை ஏற்றுக்கொள் என்பதே அத்தீர்ப்பின் சாரம். விமானத்தில் செல்பவர் வழக்காடி முப்பதாயிரம் பெறுகிறார். சீசன் டிக்கெட்டில் செல்லும் துப்புரவுப் பணியாளர் இழந்த அரைநாள் ஊதியத்துக்கு எந்த நீதிமன்றத்தின் படியேறுவார்?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அதையும் ஜப்பானே காட்டுகிறது. அங்கே வண்டி சில நிமிடம் பிந்தினாலே நிலையத்தார் 'தாமதச் சான்று' என்னும் சிறு சீட்டைக் கொடுக்கிறார்கள். பணியாளர் அதைத் தம் அலுவலகத்தில் காட்டுகிறார். மாணவர் பள்ளியில் காட்டுகிறார். தவறு அவர்களுடையதன்று என்பதற்கு இரயில் நிர்வாகமே சாட்சி சொல்கிறது. செலவு ஒரு துண்டுக் காகிதம். நம் நிலையங்களில் அத்தகைய சீட்டு ஒன்று கிடைக்குமானால், அதை ஏற்கும் மனம் நம் வேலை தருவோருக்கும் இருக்குமானால், எத்தனை வீடுகளில் மாதக் கணக்கு நேர்படும்!

நாம் செய்யக்கூடியவை

நிர்வாகம் தன் கடமையைச் செய்யட்டும் என்று சொல்லி நாம் கைகட்டி நிற்பதற்கில்லை. கதவு இறங்கும்போது நின்றுவிடுவோம். பிள்ளைகளுக்குப் படிக்கட்டுப் பாலத்தை நாமே ஏறிக் காட்டுவோம். தண்டவாளத்தைத் தாண்டும் தந்தையின் பின்னேதான் மகனும் தாண்டுகிறான். நிலையத்தில் உள்ள புகார்ப் புத்தகத்தில், வசைமொழியின்றி, நாளும் நேரமும் வண்டியும் குறித்து எழுதுவோம். கோபத்தில் நிலைய அலுவலரின் சட்டையைப் பிடிப்பதால் வண்டி வராது. அவரும் மேலிருந்து சொல் வருமென்று காத்திருப்பவரே. தனித்தனியே பேசுவதைவிட, பயணிகள் ஒன்றுகூடி, "பிந்தினால் பத்து நிமிடத்துக்குள் அறிவியுங்கள்" என்ற ஒரே கோரிக்கையை முன்வைப்பது பயன் தரும்.

இறுதியாக, நம்முள் பலர் வேலை தருவோராகவும் இருக்கிறோம். கடை வைத்திருக்கிறோம், பள்ளியோ மருத்துவமனையோ நடத்துகிறோம், வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். இரயில் பிந்தியதைத் திருத்த நம்மால் இயலாமற் போகலாம். அந்தத் தாமதத்தின் சுமை யார் தலையில் இறங்க வேண்டும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நாமே. பிந்தி வந்த பணியாளர் மூச்சிரைக்க வாசலில் நிற்கும்போது, சுவரிலுள்ள கடிகாரத்தைப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பார்ப்போம். "வண்டி பிந்திவிட்டதா அம்மா? முதலில் தண்ணீர் குடி" என்போம். அரைநாள் ஊதியத்தைப் பிடிக்காமல் கொடுப்போம். இரயில் காப்பாற்றத் தவறிய வாக்கை அந்த அளவிலேனும் நாம் காப்பாற்றலாம்.